ஒரு பக்கம் பேச்சு, ஒரு பக்கம் பாட்டு

786
போர்ட் பிளேயர்
4.2.2024

அன்புள்ள ஆசாத் மாமாவுக்கு மருமகள் நஸ்ரின் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் என் வீட்டுக்காரரும் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? மாமி மௌத்தான பிறகு தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறீர்களே என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அம்மா சுகம் என்று எழுத முடியவில்லை மாமா. போன வருஷம் வந்த பக்கவாதத்தில் கை கால் தப்பியது, நினைவுதான் போய்விட்டது. என்னைச் சில நாள் தெரிகிறது. சில நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நினைத்து, "ஒங்க அம்மா தேடப் போறா, வீட்டுக்குப் போத்தா" என்கிறார்கள். அதையெல்லாம் பழகிக்கொண்டேன். இப்போது ஒரு மாதமாகப் புதிதாக ஒன்று. சோற்றைக் கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, "அண்ணன்ட்ட கேசட்டு குடுத்தேனே, போய்ச் சேந்துச்சா?" என்று கேட்கிறார்கள். "அவுக பதில் வரட்டும், சாப்பிடுறேன்" என்கிறார்கள். அதட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கழுத்தெலும்பு தெரிகிறது மாமா.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். நான் வயிற்றில் இருக்கும்போது அத்தா சவூதிக்குப் போனார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அங்கே லாரி கவிழ்ந்து மௌத்தாகி அங்கேயே அடக்கம் ஆனார்கள். எங்களிடம் இருப்பது ஒரு போட்டோ மட்டும். கேசட் என்று ஒன்று இருந்ததாக அம்மா இத்தனை வருஷத்தில் வாய் திறந்ததில்லை. உங்களிடம் கொடுத்தது உண்மையா? உங்கள் ரெக்கார்டிங் சென்டரில் இருந்த கேசட்டெல்லாம் இன்னும் வைத்திருக்கிறீர்கள்தானே? இருந்தால் அனுப்பிவையுங்கள்.

போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அடித்து அடித்து ஓய்ந்துபோய்த்தான் பேனாவை எடுத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துஆவை நாடும்
நஸ்ரின்


அருப்புக்கோட்டை
20.2.2024

அன்பு மருமகளுக்கு மாமா ஆசாத் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். முட்டி இருக்கிற வரைக்கும் முட்டுவலி இருக்கும், அதை விடு. உன் அம்மாவின் நிலைமையைப் படித்துவிட்டு அன்று உலை வைக்கவில்லை.

போன் என்கிறாய். பட்டன் போன் ஒன்று அலமாரிக்குள் கிடக்கிறது. காதில் வைத்தால் கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. எழுது, எழுத்து ஒரே இடத்தில் நிற்கும்.

கேசட்டெல்லாம் இருக்கிறது. திருச்சுழி ரோட்டில் அதே கடைதான், முன் அறை, உள் அறை, இரண்டிலும் தரை முதல் கூரை வரை. யார் தேடி வருகிறார்கள்? ஒரு காலத்தில் காரியாபட்டியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் பஸ் ஏறி வந்து, பத்துப் பாட்டை எழுதிய சீட்டை நீட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து வா என்றால் தலையாட்டிவிட்டுப் போவான். அந்த ஒரு வாரமும் பாட்டு அவன் வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்றைக்குப் பாட்டு குழாயில் வருகிற தண்ணீர். திறக்கிறான், மூடுகிறான், போன மாதம் வந்த பாட்டு எது என்று கேட்டால் முழிக்கிறான். என் கேசட்டுகளைச் சும்மா தருகிறேன் என்று ஒரு காலேஜில் கேட்டேன். "இடம் இல்ல பெரியவரே" என்றார்கள். பழைய இரும்புக்காரன்கூட, "இந்த பிளாஸ்டிக்க எவன் வாங்குவான்" என்று போய்விட்டான்.

இப்போது உன் விஷயம். உன் அம்மா என்னிடம் கேசட் கொடுத்தது உண்மை. அந்தக் காலத்தில் சவூதிக்குப் போனவர் குடும்பங்களில் ஒரே கேசட்தான் போகும், வரும். அங்கிருந்து ஒரு பக்கம் முழுக்கப் பேசி அனுப்புவார். இங்கே கேட்டுவிட்டு, அதே பக்கத்தில் அதன் மேலேயே வீட்டுக்காரி பதில் பேசி, சவூதிக்குப் போகிற ஆளிடம் கொடுத்துவிடுவாள். மறுபக்கத்தில் நான் புதுப் பாட்டு நிரப்பிக் கொடுப்பேன். ஒரு பக்கம் பேச்சு, ஒரு பக்கம் பாட்டு. உன் அத்தா, என் மச்சான் ஹனீபாவின் கேசட்டும் அப்படித்தான். உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து கடையில் உட்கார்ந்து பதில் பேசினாள். அதைக் கொண்டுபோக வேண்டிய ஆள் கிளம்புவதற்குள் தந்தி வந்துவிட்டது. "எரிச்சிருண்ணே" என்றாள். எரிக்க மனம் வரவில்லை. அவள் கண்ணில் படாமல் ஏதோ ஒரு படப்பாட்டுக் கேசட்டின் உறையில் போட்டு அடுக்கிவிட்டேன். எது என்று இப்போது தெரியாது.

கிடைத்தாலும் பயன் இல்லை. அதில் இருப்பது அவள் குரல். மச்சானின் குரல் மேல்தான் அவள் பேசியிருக்கிறாள். அவர் குரல் அழிந்துவிட்டது.

வஸ்ஸலாம்.
ஆசாத்


போர்ட் பிளேயர்
8.3.2024

அன்புள்ள மாமாவுக்கு, ஸலாம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, அங்கே சொல்லவே வேண்டாம். உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நிமிஷம் அத்தாவின் குரல் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அடுத்த வரியிலேயே அழித்துவிட்டீர்கள்.

நானும் சில வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரரை அடுத்த அறையிலிருந்து போனில் பேசவைத்தேன். "நாந்தான் ஹனீபா பேசுறேன், சாப்புடு" என்றார். அம்மா போனைச் சுவரில் எறிந்தார்கள். "அவுக இதுலயெல்லாம் வரமாட்டாக. அவுக கேசட்டுலதான் வருவாக" என்றார்கள். எல்லாம் மறந்த ஆளுக்கு இது மட்டும் எப்படி மறக்கவில்லை? டாக்டர், இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்கிறார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். "நீ கொடுத்த கேசட் போய்ச் சேர்ந்துவிட்டது, மச்சான் கேட்டுவிட்டார்" என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். உங்கள் கையெழுத்து அம்மாவுக்குத் தெரியும். படித்துக் காட்டுகிறேன்.

நஸ்ரின்


அருப்புக்கோட்டை
2.4.2024

அன்பு மருமகளுக்கு, ஸலாம். நோன்பு நல்லபடியாக நடக்கிறதா? இங்கே மண்டை பிளக்கிற வெயில்.

அந்த இரண்டு வரியை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. நம்பி என் கையில் கொடுத்தாள். அது இத்தனை வருஷமாக என் கடையிலேயே கிடக்கிறது. போய்ச் சேர்ந்தது என்று எப்படி எழுதுவேன்? என்னை அந்தப் பொய்க்குக் கூப்பிடாதே.

ஆனால் எழுத உட்கார்ந்ததில் ஒன்று பிடிபட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கடையில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. புருஷனுக்குப் பேச வருகிற பொம்பளைகளிடம், இந்த இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கு, முடிந்ததும் இதை அமுக்கு என்று காட்டிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அடுத்தவர் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் உன் அம்மா எவ்வளவு நேரம் பேசினாள் என்று நான் யோசித்ததே கிடையாது. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே நீ வீறிட்டு அழுதாய். உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நான் வாங்கிய டீயைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

புரிகிறதா நஸ்ரின்? மச்சான் நாடா தீருகிற வரைக்கும் பேசுகிற ஆள். இவள் பேசியதோ கொஞ்சம். அவள் நிறுத்திய இடம் வரைக்கும்தான் அவர் குரல் அழிந்திருக்கும். அதற்குப் பிறகு உள்ளது அப்படியே இருக்க வேண்டும்.

அன்றே தேட ஆரம்பித்துவிட்டேன். உறையை நம்ப முடியாது, எழுதிய சீட்டையெல்லாம் செல் அரித்துவிட்டது. ஒவ்வொன்றாக ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பாட்டா பேச்சா என்று டேப் டெக்கில் சத்தத்துக்கு ஏற்ப ஆடுகிற முள்ளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பாட்டு என்றால் முள் எழுந்து ஆடிக்கொண்டே இருக்கும். பேச்சு என்றால் சொல்லுக்குச் சொல் விழுந்து படுத்து எழும். உள் அறையை முடித்துவிட்டு முன் அறைக்கு வருவேன்.

ஒரே சங்கடம். இடத்துக்காரப் பையன் ராஜபாண்டி, பழைய ஓனரின் மகன், இடித்துக் கட்டப்போகிறானாம். பக்ரீத்துக்குள் காலி செய்யச் சொல்கிறான். நல்ல பையன்தான், அவன் இடம், அவன் கேட்கிறான்.

ஆசாத்


போர்ட் பிளேயர்
18.4.2024

என் மாமாவுக்கு, ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். சிரிக்காதீர்கள்.

அம்மாவிடம், "மாமா தேடிக்கிட்டு இருக்காக, பதில் வந்துரும்" என்றேன். என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு ஆ என்று வாயைத் திறந்தார்கள். பெருநாள் பாயசம் மூன்று கரண்டி உள்ளே போனது.

மாமா, முப்பத்தெட்டு வயதாகிறது எனக்கு. அத்தாவின் குரல் கட்டையா கீச்சா என்றுகூடத் தெரியாது. அம்மாவுக்காகத்தான் கேட்டேன், இப்போது எனக்காகவும் கேட்கிறேன். கிடைத்த உடனே எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் வையுங்கள், அவ்வளவு போதும். கேசட் வரும் வரை அம்மா தாங்குவார்களா தெரியவில்லை. தேட ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், என் சிநேகிதி ராஜேஸ்வரி பாலவனத்தத்தில்தான் இருக்கிறாள். வந்து கூட உட்கார்ந்து கேட்பாள்.

நஸ்ரின்


போர்ட் பிளேயர்
25.5.2024

மாமாவுக்கு, ஸலாம். சுகமாக இருக்கிறீர்களா என்று தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு வரி இல்லை. ராஜேஸ்வரி கடைக்கு வந்திருக்கிறாள். உள்ளே வெளிச்சம் இருந்ததாம், எவ்வளவோ நேரம் கதவைத் தட்டினாளாம், நீங்கள் திறக்கவில்லையாம். ஆள் வேண்டாம் என்றால் என்னிடம் எழுதியிருக்கலாமே. பஸ் ஏறி வந்த பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பலாமா?

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் போட்டு, வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேன். குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்று கையைத் துணியால் கட்டிலில் கட்டச் சொன்னார்கள். என் கையாலேயே கட்டினேன். "என்னய எதுக்குத்தா கட்டுற?" என்று கேட்டார்கள்.

நீங்கள் தேடுகிறீர்களா இல்லையா, அதை மட்டுமாவது எழுதுங்கள்.

நஸ்ரின்


அருப்புக்கோட்டை
10.6.2024

மருமகளுக்கு, ஸலாம். நான் இருக்கிறேன்.

எழுதக் கூடாது என்று இல்லை. எதை எழுதுவது? உள் அறை முடிந்தது, அதில் இல்லை. முன் அறையை ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். போன வாரம் காலையில் உள் அறையில் டெக் முன்னால் உட்கார்ந்திருந்தேன், முதுகு வாசல் பக்கம். ராஜபாண்டி டிராக்டரோடு ஆள் கூட்டி வந்திருக்கிறான். பக்ரீத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அவனுக்கு அன்றைக்குத்தான் டிராக்டர் கிடைத்ததாம். முன் அறையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறோம் என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறான். நான் சரி சொன்னதாக நினைத்துக்கொண்டு லோடு ஏற்றியிருக்கிறார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து திரும்பினால் முன் அறையில் சுவர்தான் இருந்தது.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வார்கள். உடைந்தது தாழி மட்டும் இல்லை.

பாலவனத்தம் போகிற வழியில் ஒரு கண்மாய்ப் பள்ளத்தில் கொட்டிவிட்டார்களாம். எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. உன் அம்மாவின் கையை அவிழ்த்துவிடு.

ஆசாத்


போர்ட் பிளேயர்
22.6.2024

மாமா,

ஸலாம். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, மன்னியுங்கள்.

நீங்கள் உள்ளேதானே இருந்தீர்கள்? ஒரு டிராக்டர் வாசலில் வந்து நிற்கிறது. ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். ஆயிரக்கணக்கான கேசட்டைக் கடகடவென்று சரித்து அள்ளுகிறார்கள். பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு அது கேட்கவில்லையா? என் அத்தாவின் குரலை அள்ளிக்கொண்டு போகிறார்கள், நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தீர்களா?

இதை எழுதிவிட்டு மூன்று நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்றைக்கு உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். போன் கொசு மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். ராஜேஸ்வரி தட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாட்டா பேச்சா என்று முள்ளைப் பார்த்துச் சொல்வேன் என்கிறீர்கள். காது இருக்கும்போது முள்ளை எதற்கு மாமா பார்க்க வேண்டும்?

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. கோபமும் உண்மைதான். ஆனால் இதற்குப் பதில் எழுதுங்கள்.

நஸ்ரின்


அருப்புக்கோட்டை
20.7.2024

என் அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. ஸலாம். உன் அம்மா இன்னும் இருக்கிறாளா? இந்தக் கேள்வியோடு கடிதம் ஆரம்பிக்கக் கூடாது, ஆனால் எனக்கு வேறு கேள்வி இல்லை.

ஆமாம் நஸ்ரின். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்வோமே, அந்தச் செவிடன் நான்தான். இரண்டு வருஷமாகக் குறைந்துகொண்டே வந்து, போன மழைக்காலத்தோடு மொத்தமாக அடைத்துவிட்டது. மதுரையில் காட்டினேன், நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்றார்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் பாட்டுப் போட்டவன் காது போய் உட்கார்ந்திருக்கிறான் என்றால் சிரிப்பார்கள். அது போகட்டும். முன்பு கொடுத்துவிடப் பார்த்த கேசட்டையெல்லாம் பிறகு இருக்கட்டும் என்று ஏன் வைத்திருந்தேன் தெரியுமா? கேட்காவிட்டாலும் முள் ஆடுவதைப் பார்த்தால் எந்தப் பாட்டு, எந்த இடம் என்று எனக்குள் ஓடும். அந்தப் பிள்ளை தட்டியது எனக்குத் தெரியாது. அவளிடம் என் சார்பில் சொல்லிவிடு.

உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிய மறுநாளே பஸ் ஏறிக் கண்மாய்க்குப் போனேன். தண்ணீரைப் பார்க்காத கண்மாய், முழுக்கச் சீமைக்கருவேலம். கொட்டிய வேகத்தில் பாதி கேசட் உடைந்து, நாடா காற்றில் பறந்து முள்ளுக்கு முள் சுற்றிக்கிடந்தது. ஆடு மேய்க்கிற சோலை என்று ஒருவர், "என்ன பெரியவரே தேடுதீக?" என்று கேட்டிருப்பார் போல, வாயசைவில் தெரிந்தது. "என் தங்கச்சிய" என்றேன். பயந்துபோய்த் தள்ளி நின்றார். பிறகு அவரே பக்கத்தில் வந்து குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

தினமும் போனேன். சாக்கில் அள்ளி வந்து, தூசி தட்டி, உடைந்ததை வேறு கூட்டுக்கு மாற்றி ஓட்டினேன். பாட்டு, பாட்டு, பாட்டு. ஒரு காலத்தில் அதை எண்ணிச் சந்தோஷப்பட்டவன், ஒவ்வொரு தடவை முள் எழுந்து ஆடும்போதும் தலையில் அடித்துக்கொண்டேன். அழுகையும் வந்தது. டெக்கின் பெல்ட் அறுந்தது, சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டேன். ராஜபாண்டி வந்து நின்று பார்த்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இருங்க மாமா, முடிச்சிட்டே காலி பண்ணுங்க" என்று தாளில் எழுதிக் காட்டினான்.

போன வெள்ளிக்கிழமை ஒரு கேசட். கூடு வெயிலில் வளைந்திருந்தது. வேறு கூட்டுக்கு மாற்றிப் போட்டேன். முள் எழுந்தது, விழுந்து படுத்தது, எழுந்தது. பேச்சு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படிப் போயிற்று. திடீரென்று முள் ஒரே தாவலாகத் தாவிக் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது, இறங்கவே இல்லை. பாட்டும் அப்படி ஆடாது, பேச்சும் ஆடாது. அது நீதான் நஸ்ரின். நீ அழுகிறாய்.

பிறகு முள் பொத்தென்று விழுந்தது. உன் அம்மா பட்டனை நிறுத்திய இடம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முள் அசைந்துகொண்டிருந்தது. வேறு நடை. நின்று நின்று, பெரிய பெரிய எட்டாக. ஸ்பீக்கரில் விரலை வைத்தேன். கனமாக அதிர்ந்தது. ஆம்பளைக் குரல். கொஞ்ச நேரம்தான், நாடா தீர்ந்தது.

என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. யாரையாவது கூப்பிட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம். புருஷன் பெண்டாட்டி பேச்சை அன்றைக்கும் நான் கேட்டதில்லை, இன்றைக்கு இன்னொருத்தன் காதில் போட மனம் இல்லை.

பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நாடா மிகவும் நைந்திருக்கிறது. ஒரு தடவை ஓடும், இரண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்லை. டேப் ரெக்கார்டர் கிடைத்தால் முதலில் அதன் ஹெட்டைப் பஞ்சால் துடை. ஒரு வேண்டாத கேசட்டைப் போட்டுப் பார். முன்னும் பின்னும் ஓட்டாதே. போட்டதைப் போட்டபடி ஓடவிடு.

ஆசாத்


போர்ட் பிளேயர்
11.8.2024

என் உயிருக்குயிரான மாமாவுக்கு உங்கள் நஸ்ரின். அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா இருக்கிறார்கள். டப்பா வந்து சேர்ந்தது.

இந்த ஊரில் டேப் ரெக்கார்டர் வைத்திருப்பவர் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் ஒருவர்தான், மௌலவிமார் பேசிய பயான் கேசட் கேட்பதற்கு. வாங்கி வந்து நீங்கள் சொன்னபடியே செய்தேன். என் போனில் பதிந்துகொள்ள அதையும் பக்கத்தில் வைத்தேன். அம்மாவின் கையை அவிழ்த்து, உட்காரவைத்துச் சாய்த்தேன். உங்களால் கேட்க முடியாததால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் குரல். எவ்வளவு சின்னப் பெண்ணின் குரல் மாமா! "என்னங்க, நல்லாருக்கியளா? நாங்க நல்லாருக்கோம். பொட்டப்புள்ள. எல்லாரும் ஒங்க ஜாடைங்கிறாக, மூக்கு மட்டும் எங்க அண்ணன் மூக்கு." இதைக் கேட்டதும் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு இவ?" என்றார்கள். "அவுகளுக்கு கேசட்டு அனுப்புறாளே, யாரு இந்தச் சிறுக்கி?" நான் சிரிக்கவா அழவா? "நீங்கதாம்மா" என்றேன். நம்பவே இல்லை.

குரல் மேலே பேசியது. "நீங்க கேட்டத அனுப்பணும்ல. இவ எந்நேரமும் தூக்கம், அழவே மாட்டேங்கிறா. ஒரு கிள்ளு கிள்ளப் போறேன், கோவிச்சுக்காதீக." உடனே நான் அழுகிறேன் மாமா. வீறிட்டு, மூச்சு விடாமல் அழுகிறேன். நான் அழுததால் அம்மா பேச்சை நிறுத்தவில்லை. அழவைப்பதற்குத்தான் என்னைக் கடைக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். "கேட்டுச்சாங்க? போதுமா?" என்று ஒரு சத்தம், அப்புறம் டக் என்று நின்றது. இங்கே கட்டிலில் இருந்த அம்மா, "புள்ள அழுகுது, தூக்குங்கத்தா யாராச்சும்" என்று கையை நீட்டினார்கள்.

அப்புறம் அத்தா.

கட்டைக் குரல் மாமா. லேசாக மூக்கடைத்த மாதிரி. அவர் சொன்னது இதுதான்: "...இன்னுங் கொஞ்சம் நாடா இருக்கு போல. என்ன பேச? மச்சான்ட்ட சொல்லு, இந்தத் தடவ மறுபக்கம் பாட்டு வேணாம். இந்நேரம் புள்ள பொறந்திருக்கும்ல. அது அழுகுறதப் பதிஞ்சு அனுப்பு. ரெண்டு பக்கமும் அழுதாலும் சரி. இங்க வண்டி ஓட்டும்போது கேட்டுக்கிட்டே போவேன். நீ நேரத்துக்குச் சாப்..." அதோடு தீர்ந்துவிட்டது.

நாடாவில் அவர் அதைக் கேட்பதற்கு முன்னாலேயே நான் அழுது முடித்துவிட்டேன். அந்த அழுகை அவர் காதில் விழவே இல்லை.

அத்தா பேச ஆரம்பித்ததும் அம்மா முந்தானையை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார்கள். அது நின்ற பிறகு மெஷின் பக்கம் குனிந்து, மெதுவாக, "அனுப்பிட்டேங்க. கிள்ளிப் பதிஞ்சு அண்ணன்ட்ட குடுத்துருக்கேன். அண்ணன் மறக்காது, அனுப்பிரும்" என்றார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்கள். ஒரு டம்ளர் குடித்தார்கள்.

நாடா மறுபடி ஓடவில்லை, உள்ளேயே அறுந்துவிட்டது. போனில் பதிந்தது இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் அம்மா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்று காலையிலிருந்து மறுபடி அதே கேள்வி. "அண்ணன்ட்ட குடுத்தேனே, போய்ச் சேந்துச்சா?" வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு இனி என்ன செய்வதென்று தெரியவில்லை.

நஸ்ரின்


அருப்புக்கோட்டை
30.8.2024

அன்பு நஸ்ரினுக்கு, ஸலாம்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடையைக் காலி செய்தேன். மிச்சக் கேசட்டுகளை நானே டிராக்டரில் ஏற்றிக் கொடுத்தேன். மறுபக்கம் பாட்டு வேண்டாம் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி நல்ல பாட்டாகப் பதிந்து வைத்திருந்தேன். சரி, அந்தப் பக்கத்திலும் நீ அழுதிருக்கலாம்.

நான் அந்தப் பொய்யை எழுத மாட்டேன் என்று சொன்னவன். கீழே எழுதியிருப்பதைத் தனியாகக் கிழித்து அவளுக்குப் படித்துக் காட்டு. தினமும் கேட்டால் தினமும் படித்துக் காட்டு. இதற்கான கணக்கை அல்லாஹ்விடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆசாத்


தங்கச்சி மீரான் பீவிக்கு அண்ணன் ஆசாத் எழுதுவது. நீ கொடுத்த கேசட் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பிள்ளை அழுததை மச்சான் வண்டி ஓட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டாராம். கிள்ளியதற்குக் கோபம் இல்லையாம். உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார்.